கீரைக்குள் மாத்திரை!

இஸ்ரேல் சிறிய நாடு. பாதிக்கு மேல் பாலைவனம். அங்கே சாக்கடைத் தண்ணீரைக்கூட வீணாக்குவதில்லை! சுத்தம் செய்து வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஊர்களில் சேரும் கழிவு நீரில் ஏறக்குறைய 90 சதவீதம் இப்படிப் பயன்படுகிறது. டெல் அவீவ் நகரத்துக் கழிவு நீர் சுத்திகரிக்கப்பட்டு, மணலில் வடிந்து, குழாய் வழியாகத் தெற்கே நெகேவ் பாலைவனத்துக்குப் போகிறது.

தெளிந்த தண்ணீர்தான். நாற்றமும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தது.

வலிப்பு மருந்து

வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் மருந்து ஒன்றின் பெயர் கார்பமசெபின். நோயாளி விழுங்கியதில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறிச் சாக்கடையில் சேருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ள நுண்ணுயிர்கள் மற்ற அழுக்குகளைத் தின்றுவிடும். இந்த மருந்தை அவற்றால் அழிக்க முடிவதில்லை. அது தண்ணீரோடு வயலுக்குப் போய், வேர் வழியாக ஏறி, இலையில் தங்குகிறது.

2016-ம் ஆண்டு எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நல்ல உடல்நலம் உள்ள 34 பேருக்கு ஒரு வாரம் கழிவு நீரில் விளைந்த காய்கறியும், ஒரு வாரம் நல்ல தண்ணீரில் விளைந்த காய்கறியும் கொடுத்தார்கள். கழிவு நீர்க் காய்கறி சாப்பிட்டபோது சிறுநீரில் அந்த மருந்து கூடியது! அந்த மாத்திரையை வாங்கியே அறியாதவர்கள் அவர்கள்.

அளவு மிகச் சொற்பம். நோயாளி சாப்பிடும் மருந்தோடு ஒப்பிடவே முடியாது. பயந்து கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் காய்கறி, கர்ப்பிணியும் குழந்தையும் தினமும் சாப்பிடும் பொருள் ஆயிற்றே!

கரி செய்யும் வேலை

இந்த மருந்தைப் பிடிக்கக் கரி உதவுகிறது. அதற்குப் பெயர் 'பயோசார்'. உமி, மரத்தூள், தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைக் காற்றுப் புகாத கலத்தில் 400 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால், சாம்பலாகாமல் கரியாகிறது. ராமநாதபுரம் பக்கத்தில் சீமைக் கருவேல மரத்தை அடுக்கி, மண் பூசி, மூட்டம் போடுகிறார்களே, அதே முறைதான்!

கரி முழுவதும் நுண்ணிய துளைகள். ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால், 300 சதுர மீட்டர் வருவதும் உண்டு. ஒரு கிரவுண்டு மனையே 223 சதுர மீட்டர்தான்! தண்ணீர் இந்தக் கரிப் படுகையில் வடியும்போது மருந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

கரியை மண்ணில் கலப்பதும் உண்டு. மருந்து கரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதால், வேருக்குப் போவது குறைகிறது.

எல்லாம் தீராது

கரி உப்பை எடுக்காது. நோய்க்கிருமிகளைக் கொல்லத் தனி ஏற்பாடு வேண்டும். சாக்கடைச் சேற்றில் செய்த கரியில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். அதைச் சோதிக்காமல் தொடக்கூடாது.

துளைகள் நிரம்பியதும் கரியை மாற்ற வேண்டும். பழைய கரியை எரு என்று வயலில் கொட்டினால், பிடித்த மருந்தும் அதோடு வயலுக்கே போகும். அதைத் தனியாக எடுத்து, மறுபடி கடும் சூட்டில் வாட்ட வேண்டும்.