முடிபும் நிபந்தனையும்: பல்கலைக்கழகப் பரீட்சைக் குறிப்புகள் பற்றிச் சில சிந்தனைகள்

பல்கலைக்கழகப் பரீட்சை நெருங்கும் வாரங்களில் மாணவரிடையே மிகுதியாகக் கைமாறும் எழுத்து யாதென வினவின், அது பாடநூலன்று, ஆய்வுக்கட்டுரையுமன்று, பரீட்சைக் குறிப்பே. ஒருகாலத்திற் கையெழுத்துப் பிரதியாகவும், பின்னர் றோணியோத் தாளாகவும், நிழற்பிரதியாகவும் வழங்கிய அது, இன்று கைத்தொலைபேசி வழியே நொடிப்பொழுதிற் பரவுகின்றது. இலக்கிய வரலாற்றாசிரியர் நூல்களையே நோக்குவர், குறிப்புகளை நோக்குவதில்லை. ஆயினும், ஒரு சமூகத்தில் அறிவு எவ்வாறு உற்பத்தியாகி எவ்வாறு விநியோகிக்கப்படுகின்றது என்பதை அறிய விழைவோர்க்கு இவ்வெளிய தாள்கள் முக்கியமான சான்றுகளாகும்.

இலங்கையிற் குறிப்புகள் பெற்ற செல்வாக்குக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனையடுத்து வளர்ந்த சுயமொழிப் போதனையும், கிராமத்து உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாயிலுக்குக் கொணர்ந்தன. 1960ஆம் ஆண்டளவிற் கலைப்பீடங்களிலே சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கும் நிலை ஏற்பட்டபோது, பல துறைகளில் தமிழ்நூல் தோன்றுமுன்பே தமிழிற் பரீட்சை எழுதவேண்டியதாயிற்று. விரிவுரையாளர் ஆங்கில நூலைப் படித்துத் தமிழிற் சொல்ல, மாணவர் எழுதிக்கொண்டனர். அவ்வாறு எழுதப்பட்ட குறிப்பே சில துறைகளில் முதற் தமிழ்நூலின் இடத்தை வகித்தது. விஞ்ஞான பீடங்களில் நிலைமை வேறு. உயர்தரம்வரை தமிழிற் கற்ற மாணவன் அங்கு ஆங்கில விரிவுரையை எதிர்கொள்கின்றான். அவனுக்குக் குறிப்பு இரு மொழிகளுக்கிடையே இடப்பட்ட பாலமாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த ஒரு சமூகத்தில், கைப்பிரதிக்கு மேலதிகப் பெறுமதி ஏற்பட்டமையும் வியப்பன்று. எனவே குறிப்பை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. அது எதனைப் பேணுகின்றது, எதனை இழக்கின்றது என்பதே எமது வினா.

மூன்று துறைகளிலிருந்து மூன்று உதாரணங்களை எடுத்துக்கொள்வோம்.

பௌதிகவியற் குறிப்புகளில், விசை என்பது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கிவரும் கணியம் என்ற வாய்பாடு தவறாது இடம்பெறும். நியூற்றனின் இரண்டாம் விதி கூறுவதோ விசை உந்த மாற்றவீதத்துக்கு விகிதசமமானது என்பதாகும். திணிவு மாறாதிருக்கும்போதே மேற்கூறிய சுருங்கிய வடிவம் கிடைக்கின்றது. எரிபொருளை எரித்து வாயுவை வெளியேற்றிச் செல்லும் உந்துகணையின் திணிவு கணந்தோறும் குறைவதால், வெளியேறும் வாயுவின் உந்தத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். வாய்பாட்டை மட்டும் அறிந்தவன் இவ்விடத்திலே தடுமாறுகின்றான்.

கணனி விஞ்ஞானத்தில் துவிதத் தேடல் என்றொரு முறை உண்டு. பட்டியலின் நடு உறுப்பை ஒப்பிட்டு, தேடும் பொருள் இல்லாத பாதியை நீக்கி, எஞ்சிய பாதியில் மீண்டும் அவ்வாறே செய்தல் அதன் நெறி. 1,000 உறுப்புகள் கொண்ட பட்டியலில் 10 ஒப்பீடுகளுக்குள் விடை கிட்டிவிடும். இவ்வேகத்தைக் குறிப்புகள் வியந்து கூறும். பட்டியல் முன்னரே வரிசைப்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையோ பிரதிக்குப் பிரதி தேய்ந்து, ஈற்றில் விடுபட்டுப்போகும். வரிசையற்ற பட்டியலில், நீக்கப்பட்ட பாதியிலேயே தேடும் பொருள் இருக்கக்கூடும்.

பொருளியலில், விலை உயரின் கேள்வித்தொகை குறையும் என்பது கேள்வி விதி. ‘ஏனையவை மாறாதிருக்க’ என்ற தொடரே அதன் உயிர்நாடி. 1953 யூலையிற் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. மக்கள் கேள்வி வளையியின்மீது அமைதியாக மேல்நோக்கி நகர்ந்து நின்றுவிடவில்லை. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். மாறாதிருப்பன என எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் சமூக உறவுகளும் அரசும் அடங்கியிருந்தமையை இந்நிகழ்ச்சி காட்டிற்று. அத்தொடரை விட்டுவிட்டுப் படிப்பவன், வரலாற்றுக்கு உட்பட்ட ஒன்றை என்றுமுள்ள இயற்கை விதியென மயங்குகின்றான்.

மூன்று உதாரணங்களிலும் குறிப்பு முடிபைப் பேணி நிபந்தனையை இழந்துள்ளது. இது மாணவரின் சோம்பலால் மட்டும் நேர்வதன்று. குறுகிய நேரத்தில் விடை எழுதுவித்துப் புள்ளியிடும் பரீட்சை முறை, முடிபுக்கே விலை கொடுக்கின்றது. பணத்துக்கு விற்கப்படும் குறிப்பில் இப்போக்கு மேலும் முதிர்கின்றது. அங்கு அறிவின் பயன்பெறுமதி பின்தள்ளப்பட்டு, பரிமாற்றப் பெறுமதி முன்னிற்கின்றது. ஐயம் விலைபோகாது, விடையே விலைபோகும்.

நமது மரபு இதற்கு மாறான ஒரு முன்மாதிரியைத் தருகின்றது. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை, ஆசிரிய மாணாக்க வழியே வாய்மொழியாக முசிறி நீலகண்டனார்வரை வந்தமையை அவ்வுரையே கூறும். அதுவும் கேட்டுக் கைக்கொண்ட பாடமே. ஆயின் அவ்வுரையிலே தடையும் விடையும் உடன்வந்தன. மாணவன் எழுப்பக்கூடிய ஆட்சேபம் அங்கு அழிக்கப்படவில்லை. உரையின் இலக்கணம் கூறும் நன்னூலும் வினாவையும் விடையையும் அதன் உறுப்புகளாகக் கொள்ளும். அக்கல்வி எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. எனினும் அதன் வாதமுறை நமக்கு இன்றும் உரியது.

கலைச்சொற் சிக்கலும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இலங்கையிற் ‘கதி’ எனப்படுவது தமிழ்நாட்டில் ‘வேகம்’. நமது ‘வேகம்’ அங்கு ‘திசைவேகம்’. நமது ‘திணிவு’ அங்கு ‘நிறை’. நமது ‘நிறை’யோ அங்கு ‘எடை’. 10 கிலோகிராம் திணிவுள்ள பொருளின் நிறை, இலங்கை வழக்கில், புவியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 98 நியூற்றன். இருநாட்டுக் குறிப்புகளையும் மூலம் காட்டாது கலந்து படிப்பவனுக்கு ஒரே சொல் இரு கணியங்களைச் சுட்டும். இன்று எல்லைகளின்றிப் பிரதிகள் பரவுவதால் இம்மயக்கம் பெருகுகின்றது. மானிப்பாயில் 1864 முதல் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், பாடநூல்களோடு கலைச்சொற்களையும் ஆக்கவேண்டியிருந்தது இங்கு நினைவுகூரத்தக்கது. சொல்லாக்கம் கற்பித்தலின் புறத்தே நிற்கும் அலங்காரமன்று.

ஆகவே செய்யத்தக்கது யாது? குறிப்புகளை ஒழித்தல் இயலாது; வேண்டுவதுமன்று. நூல் வாங்க இயலாத மாணவனுக்கு அதுவே துணை. அவற்றைக் கூட்டுழைப்பின் விளைவாக மாற்றுதலே வேண்டும். ஒவ்வொரு விதியின் கீழும் அது பொருந்தாத சந்தர்ப்பம் ஒன்றேனும் எழுதப்படல் வேண்டும். எந்நூலிலிருந்து, எவ்வாண்டில் எடுக்கப்பட்டது என்பது குறிக்கப்படல் வேண்டும். கலைச்சொல்லுக்கு இருநாட்டு வழக்கும் தரப்படல் வேண்டும். பிழை கண்டோர் திருத்தி அடுத்த ஆண்டினர்க்கு இலவசமாகக் கையளித்தல் வேண்டும். இது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆற்றலுக்கு உட்பட்ட பணியே.

இவ்விடத்து நம்மையும் நாம் விலக்கிக்கொள்ள முடியாது. மாணவராயிருந்த காலத்தில் நாம் சொன்னதை எழுதினோம். விரிவுரையாளராகிய பின் சொல்லி எழுதுவிக்கின்றோம். நிபந்தனையை வினவும் கேள்வி ஒன்றேனும் நமது வினாத்தாளில் இடம்பெறுமாயின், அடுத்த ஆண்டுக் குறிப்பிலே அந்நிபந்தனையும் இடம்பெறும். அச்சீர்திருத்தத்தை முதலிலே தொடங்கவேண்டியவர் வினாத்தாள் ஆக்கும் நாமே.