விலங்கியல் துறையில் இருந்த 141 டேப்புகள்

1980-களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற விவாதக் குழு வலையமைப்பில் ஒருவர் கேள்வி கேட்டால், பதிலுக்கு ஆயுள் சில வாரங்கள்தான். யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசி வழியாக ஒன்றையொன்று அழைத்து மடல்களைக் கைமாற்றிக்கொண்ட காலம் அது. வட்டில் இடம் குறைவு, விலையோ அதிகம். புதிய மடல்கள் வரவர, பழையவற்றை ஒவ்வொரு கணினியும் அழித்துக்கொண்டே வரும். சி மொழியைப் பற்றியும் யூனிக்ஸ் பற்றியும் அந்தத் தலைமுறையின் திறமைசாலிகள் வாதிட்டவை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

அதைத் தடுக்க ஒருவர் முனைந்தார். ஹென்றி ஸ்பென்சர், டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கணினியைப் பார்த்துக்கொண்டவர். அழியப்போகும் மடல்களை 1981 பிப்ரவரியிலிருந்து காந்த டேப்புகளில் பதிந்து ஒதுக்கி வைத்தார். பத்தாண்டுகள் இது நடந்தது. மொத்தம் 141 டேப்புகள், ஏறத்தாழ 20 லட்சம் மடல்கள். எழுத்துகளுக்கிடையே ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்க உதவும் ரெஜெக்ஸ் நிரலை எழுதி எல்லோருக்கும் வழங்கியவரும் இவரே. பெர்ல், டிசிஎல் மொழிகளின் தேடும் திறன் அந்த நிரலிலிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் டேப்பில் இருப்பதை நினைத்தவுடன் எடுக்க முடியாது. முன்னிருந்து பின்னாக ஓடவிட்டுத்தான் படிக்க வேண்டும். 1984-இல் நடந்த ஒரு விவாதம் வேண்டுமென்றால், அது எந்த டேப்பில் இருக்கிறது என்பதே முதலில் தெரிய வேண்டும். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் டேவிட் வைஸ்மனும் வேறு சிலரும் பொறுமையாக அவற்றைப் படித்து வட்டுக்கு மாற்றிய பிறகே அந்தச் சேமிப்புக்கு உயிர் வந்தது. இதற்கிடையே, 1995-இல் தொடங்கிய டேஜா நியூஸ் என்ற இணையதளம் யூஸ்நெட்டின் புதிய மடல்களைச் சேர்த்துத் தேட வழிசெய்திருந்தது. அந்தத் தொகுப்பை 2001 பிப்ரவரியில் கூகுள் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பென்சரின் டேப்புகளையும் பிறர் பாதுகாத்தவற்றையும் இணைத்து, இருபது ஆண்டுகளின் 70 கோடி மடல்களைத் திறந்துவைத்தது. பின்னர் லினக்ஸ் ஆன ஓர் இயங்குதளத்தைத் தாம் எழுதிக்கொண்டிருப்பதாக லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று அறிவித்த மடலை இப்போது யாரும் எடுத்துப் படிக்கலாம்.

70 கோடி மடல்களில் ஒரு சொல்லைத் தேடினால் என்ன கிடைக்கும்? ‘உதவி தேவை’ என்ற ஒரே தலைப்பில் ஆயிரம் மடல்கள். தொடக்கத்தில் கேட்டது ஒன்று, பத்தாவது பதிலில் பேசுவது வேறொன்று, தலைப்பு மட்டும் மாறாமல் நிற்கும். ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: ஒவ்வொரு மடலுக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி உண்டு, பதில் எழுதுபவரின் மடலில் தாய் மடலின் குறியும் சேர்ந்தே போகும். அதை வைத்துக் கேள்வியையும் பதில்களையும் கோக்கலாம். ஆனால் பதில்களில் எது சரி என்பதை அந்தக் குறி சொல்லாது.

அதைச் சொன்னவர்கள் மனிதர்கள். ஒரே கேள்விகள் திரும்பத்திரும்ப வருவதைப் பார்த்துச் சலித்தவர்கள், நடந்த விவாதங்களையெல்லாம் வடிகட்டி, கேள்வி-பதில் தொகுப்பாக்கி, குழுக்களில் முறையாக வெளியிட்டுவந்தார்கள். சி மொழிக் குழுவுக்காக ஸ்டீவ் சம்மிட் தொகுத்தது அப்படிப்பட்டது. நினைவகத்தின் எந்த இடத்தையும் சுட்டாத ‘நல் பாயின்டர்’ பற்றிய குழப்பத்துக்கு அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு. பின்னர் அது அச்சுப் புத்தகமாகவும் வந்தது. தேடுபொறிகளைவிட இந்தத் தொகுப்பாளர்களுக்கே நான் அதிகம் கடமைப்பட்டவன் என்று நினைக்கிறேன். முந்நூறு மடல்களைப் படித்து மூன்று பத்திகளில் எழுதித் தந்த உழைப்பு அது. அதற்குச் சம்பளம் கிடையாது.

தேடும் வசதியைக் கவனிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கூகுளின் அந்தப் பெருந்தொகுப்பே காட்டியது. 2009-இல், அதில் தேடினால் சரியாகக் கிடைப்பதில்லை என்று வயர்ட் இதழ் எழுதியது. மடல்கள் எல்லாம் இருந்தன, கைக்குத்தான் எட்டவில்லை. 2024 பிப்ரவரியில், புதிய யூஸ்நெட் மடல்களைச் சேர்ப்பதையும் கூகுள் நிறுத்திக்கொண்டது. பழையவை அங்கேயே இருக்கின்றன.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்கள், பழைய விவாதங்களைத் தேடிப் பிடிக்கும் இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார்கள். நிரலில் ஒரு மாற்றம் செய்யும்போதே, அதைப் பற்றி நடந்த விவாதத்தின் முகவரியையும் அந்த மாற்றக் குறிப்பிலேயே சேர்த்துவிடுவது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)