ஆலை வளர்ச்சியும் ஊர் வளர்ச்சியும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று பிரயாணம் செய்வோர், இது ஏரிகளுக்குப் பேர்போன பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் ஒரு பகுதி என்பதை எளிதில் நம்பமாட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1996-ம் ஆண்டு அஸ்திவாரமிடப்பட்ட ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. பிள்ளைப்பாக்கத்திலோ சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டதோடு, மின்னணுச் சாமான்களின் உற்பத்திக்கென மத்திய சர்க்காரின் உதவி பெறும் தனித் தொகுப்பொன்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. இவை யாவும் மகிழத்தக்கனவே. ஆனால் ஆலைகள் பெருகின என்பதாலேயே ஊர்கள் வளர்ந்துவிட்டன என்று கொள்ளலாமா?

இதற்கு விடை காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் விசேஷப் பொருளாதார மண்டலத்தில் நோக்கியா நிறுவனம் 2006-ல் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அது உலகத்தின் பெரிய கைபேசி ஆலைகளுள் ஒன்றாயிற்று. பல்லாயிரம் வாலிபர்களும் பெண்களும் அங்கே வேலை பெற்றனர். பின்னர் வரி வழக்கு எழுந்தது. 2014-ல் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது, அவ்வழக்கின் காரணமாக இவ்வாலை மட்டும் விற்பனையில் சேராமல் நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. அதனை அண்டி வாழ்ந்த துணை ஆலைகளும் தள்ளாடின. நேற்றுவரை ஊரின் பெருமையாக இருந்தது, ஒரே நாளில் ஊரின் துயரமாயிற்று.

மோட்டார்த் தொழிலின் கதை வேறு. மறைமலைநகரில் போர்டு நிறுவனம் 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபொழுது தொழிலாளர் துன்புற்றனர் என்பது மெய்யே. ஆயினும் இவ்வட்டாரத்தின் மோட்டார்த் தொழில் வீழ்ந்துவிடவில்லை. பாகங்களை வாங்க வேறு ஆலைகள் இருந்தன; கைதேர்ந்த தொழிலாளருக்கும் வேறு வாயில்கள் இருந்தன. ஓர் ஆலை தன் முன்னும் பின்னுமாக எத்தனை தொழில்களைத் தூண்டுகிறது என்பதே அதன் பயனுக்கு அளவுகோல் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1958-ல் எடுத்துக்காட்டிய உண்மை இதுதான். ஒரு தொழில் ஓரிடத்தில் வேரூன்றினால் அதன் நுணுக்கம் அவ்வூராரின் பொதுச் சொத்தாகிவிடும் என்பதை 1890-லேயே ஆல்பிரட் மார்ஷல் விளக்கினார். நம் சிவகாசிக்கு இந்தச் சித்தாந்தம் புதிதன்று. முன்னொரு காலத்தில் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அவர்கள் கொணர்ந்தது ஆலையை அல்ல, வித்தையை. ஆகையால் அது ஊரிலேயே நிலைத்தது.

வேரூன்றுவதற்கு மண்ணும் மனிதரும் நலமாயிருத்தல் வேண்டும். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். அவர்களுடைய தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தபின்னரே நாடு அவர்கள் வாழும் நிலையை அறிந்தது. 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பைச் சர்க்கார் திறந்தது பாராட்டத்தக்கது. ஆயினும் ஆலைக்குச் சாலையும் மின்சாரமும் முதல் நாளிலேயே ஆயத்தமாக, அதில் உழைப்போரின் உறைவிடம் மட்டும் கால் நூற்றாண்டு காத்திருந்தது ஏன்? அதே ஆண்டு சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் சங்க உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததும் இவ்வலட்சியத்தின் மற்றொரு முகமே.

நீரின் நிலையும் இதுவே. ஓர் ஏரி நிரம்பி அடுத்ததற்கு வழங்கும் சங்கிலியாக நம் முன்னோர் இப்பிரதேசத்தை அமைத்தனர். இங்குள்ள ஏரிகளின் உபரி நீர் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்வது. ஒரு கால்வாய் தூர்ந்தால், மழைக்காலத்தில் ஆலைக்குள்ளேயே வெள்ளம் புகும். கோடையில் ஆலையும் ஊரும் ஒருங்கே தவிக்கும்.

ஆகவே ஆலைகளை வரவேற்பதோடு சர்க்காரின் கடமை முடிந்துவிடாது. வரிச் சலுகையும் நிலமும் தருகையில், உள்ளூர்ச் சிறு பட்டறைகளிடம் பாகங்கள் வாங்குவதையும், சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும் அளிப்பதையும் நிபந்தனையாக்க வேண்டும். அந்நிபந்தனைகளை யாவரும் படிக்குமாறு வெளியிடவும் வேண்டும். தொழிலால் பெருகும் வருமானத்தில் ஒரு பங்கு அவ்வக் கிராம ஊராட்சிக்கே சென்று, ஏரியையும் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் காக்க வேண்டும்.

முதல் எங்கு இலாபம் காணுமோ அங்கு பெயர்ந்து செல்லும். அது அதன் இயல்பு. பிள்ளைப்பாக்கத்து மக்களோ பெயர்ந்து செல்ல இயலாதவர்கள். நாளை ஓர் ஆலை போய்விட்டாலும் அவர்கள் கையில் தொழிலும், ஏரியில் நீரும், ஊரில் வாழ்வும் எஞ்சியிருக்குமானால், அதுவே உண்மையான அபிவிருத்தியாகும்.