பஸ் ஏறிய களைநாசினி

டித்வா புயல் 2025 நவம்பர் இறுதியில் நுவரெலியா மாவட்டத்து மலைகளைச் சரித்துப் போட்டதிலிருந்து ஒரு கேள்வி ஓயவில்லை. ராகலை வாசகர் ஒருவரும் அதையே கேட்கிறார்: “பீலித் தண்ணி சிவப்பா வருது. மேல் மலையில அடிச்ச மருந்தெல்லாம் இதுலதானே? கொதிக்க வச்சா போயிடுமா?”

போகாது. கொதித்தால் கிருமி சாகும். களைநாசினியான கிளைபொசேட் அப்படியே கிடக்கும். ஆனால் அது தண்ணீரில் இருக்கிறதா, சேற்றில் இருக்கிறதா? சுவையான இடம் அதுதான்.

தேயிலை மலையின் புளிப்பு மண்ணைச் சிவக்க வைப்பது இரும்பு ஒட்சைட்டு. கிளைபொசேட்டின் ஒரு முனையிலுள்ள பொஸ்பரஸ், இரும்பையோ அலுமினியத்தையோ கண்டால் கவ்விக்கொள்ளும். (1964இல் ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிளைபொசேட்டின் குடும்பத்தை உலோகத்தைப் பிடிக்கும் சேர்மங்கள் என்றுதான் பதிந்தது. கிளைபொசேட் களைநாசினியாகக் கடைக்கு வந்தது 1974இல். வரலாறு போதும்.)

மண்துகளை நுவரெலியா பஸ் என்று வையுங்கள், இரும்புதான் சீட். உட்கார்ந்த கிளைபொசேட் லேசில் எழும்பாது. நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். உரத்திலிருந்து வரும் பொஸ்பேற்றுக்கும் அதே சீட்தான் வேண்டும். அது மூட்டை முடிச்சோடு முந்தி ஏறிவிட்டால் கிளைபொசேட் மிதிபலகையில் தொங்கும். மழைக்கு முதலில் விழுவதும் அதுவே. உரம் கொட்டிய லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகள் அப்படிப்பட்ட நெரிசல் பஸ்கள். பெருமழையிலோ பஸ்ஸே பயணிகளோடு ஓடையில் இறங்கிவிடுகிறது. கண்டக்டர் யார் என்று கேட்காதீர்கள்.

ஆகவே, சேற்றைப் பிரித்தால் அதில் ஒட்டியதும் பிரியும். வாளியை ஓரிரவு அசைக்காமல் வைத்து, தெளிந்ததை மட்டும் சாய்த்தெடுத்து, துணியில் வடித்து, பிறகு கொதிக்க வையுங்கள். அடங்காத களிக்குப் படிகாரம் உதவும்.

தெளிந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. உருளைக்கிழங்குக்கு அடிக்கும் மெட்ரிபுசின் மண்ணில் அவ்வளவாக ஒட்டாது, தெளிந்த நீரிலும் வரும். அதைக் கரி வடிகட்டி பிடிக்கும். கிளைபொசேட்டிடம் அதே கரி தோற்கும். “எல்லா நஞ்சும் நீங்கும்” என்று விற்பவரிடம் எந்த நஞ்சு என்று கேளுங்கள். “எல்லை தாண்டியது” என்ற தலைப்புச் செய்தியிடமும் யாருடைய எல்லை என்று கேட்கலாம்: குடிநீரில் லீற்றருக்கு ஐரோப்பா அனுமதிக்கும் கிளைபொசேட் 0.1 மைக்ரோகிராம், அமெரிக்கா 700!

வெள்ளத்தண்ணீர் முதலில் படுக்கவைப்பது வயிற்றோட்டத்தாலும் எலிக்காய்ச்சலாலும்தான். அதனால் கொதிக்க வைப்பதைக் கைவிட வேண்டாம். பீலிக்கு மேலே மருந்து ஸ்டோர் ஏதும் சரிந்திருந்தால் கதை வேறு. அங்கே வாளியும் படிகாரமும் செல்லாது. வேறு ஊற்றுக்கு மாறிவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லி அனுப்புங்கள்.