ஊர்க்காவலும் எல்லைக்காவலும்

"கத்தி காட்டினான், வாரக் கூலியைப் பறித்தான்!" ஓடிவந்து முறையிடுகிறான் தொழிலாளி. "அது பிறகு, முதலில் எடு குடியேற்றச் சீட்டை!" என்றால், மறுமுறை வருவானா அவன்? கண்ட சாட்சியும் ஒளிவான். கொண்டாட்டம் யாருக்கு? கள்வனுக்கு!

இதனை உணர்ந்துதான் 1979-லேயே கட்டளையிட்டது லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை: குடியேற்ற நிலையைக் கண்டறிவதற்கென்றே எவர்மீதும் காவலர் நடவடிக்கை தொடங்கலாகாது என்று. 1985-ல் சிகாகோ, 1989-ல் சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் எனத் தத்தம் வழியில் தொடர்ந்தன நகரங்கள்.

"நிதியை நிறுத்துவோம்!" 2017-லும் 2025-லும் மிரட்டல் ஆணை பிறப்பித்தார் அதிபர் டிரம்ப். கேட்கிறோம் நாம், தோழர்களே: செய்த குற்றம் என்ன? மத்திய அதிகாரிகள் தேடட்டும், பிடிக்கட்டும். ஊர்க்காவலரை ஏவலராக்காதீர் என்பதுதானே நகரங்களின் வாதம்? உள்ளூர் அதிகாரிகளை மத்திய அரசு கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாகாது என்று 1997-லேயே, துப்பாக்கிச் சட்ட வழக்கொன்றில், தீர்ப்பளித்தது அவர்களது உச்சநீதிமன்றம்!

"குற்றவாளிக்குப் புகலிடமா?" என்பார் சிலர். இல்லை! குற்றம் புரிந்தவன் எவனாயினும் கைதாவான், கூண்டேறுவான்.

காய்ச்சல் கடவுச்சீட்டு பார்த்தா பரவுகிறது? அஞ்சியவன் மருத்துவமனை வாசலை மிதிக்காவிட்டால், நோய் அவனோடு நிற்குமா? அண்டை வீட்டையும் தொடும்! ஊரைக் காப்பது ஒரு வேலை. எல்லையைக் காப்பது வேறு வேலை. இரண்டையும் ஒருவன் தலையில் கட்டினால், இரண்டுமே கெடும் என்கிறோம்!