பத்தாயத்தில் இருந்த பென்ஷன்

(சேமிப்புத் தொடர்: போன வாரம் சீட்டு, இந்த வாரம் ஓய்வூதியம்)

கொட்டாரம் ஜங்ஷன் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு வயது முப்பது. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: "பேங்க்ல மாசம் 577 ரூவா பிடிக்காங்க அண்ணே. அறுவது வயசு ஆனா, சாவுறது வரைக்கும் மாசம் அஞ்சாயிரம். பொறவு பிள்ளையள்ட்ட கை நீட்டண்டாம்லா?"

அவர் சொன்னது அடல் பென்ஷன் யோஜனா. 2015 மே மாதம் வந்தது. 18 வயதில் சேர்ந்தால் 5,000 ரூபாய் பென்ஷனுக்கு மாதம் 210 கட்டினால் போதும். நாற்பதில் சேர்ந்தால் 1,454. வருமான வரி கட்டுகிறவர்கள் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது. சந்தாதாரர் காலமானால் வாழ்க்கைத் துணைக்கு அதே பென்ஷன். இருவர் காலத்துக்கும் பிறகு நாமினிக்கு 8.5 லட்சம். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த அஞ்சாயிரம் அஞ்சாயிரமாகவே நிற்கும்.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்தால், முப்பது வருஷம் கழித்து வரும் 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 870. கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு சிலிண்டர் வாங்கவே சரியாப் போவுமே" என்றார்.

நாஞ்சில் நாட்டுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கொஞ்சம் வயல் இருந்த விதவைப் பாட்டிமார், அதைப் பாட்டத்துக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கன்னிப்பூ அறுவடைக்கு இத்தனை, கும்பப்பூ அறுவடைக்கு இத்தனை என்று கோட்டைக் கணக்கில் நெல் வந்து பத்தாயத்தில் விழும். அரிசி விலை ஏறினால் பாட்டியின் வருமானமும் கூடவே ஏறும். சக்கரக் காசில் பேசி முடித்திருந்தால் பாட்டி பட்டினி கிடந்திருப்பார். நெல்லாகப் பேசியதால் பிழைத்தார். தண்ணீர் வராத பூவில் பாட்டம் குறையத்தான் செய்யும். அதற்காக வயலை விற்றுவிட்டு யாரும் சும்மா இருக்கவில்லை.

இன்று அந்த வயல்களில் பல வாழைத்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. புதிதாக வயல் வாங்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நெல்லைப் போல விலைவாசியோடு ஏறக்கூடியது சாதாரண ஆளுக்கு எட்டும் தூரத்தில் வேறு என்ன இருக்கிறது? சோப்பு விற்கிற கம்பெனி விலையை ஏற்றும்போது அதன் லாபமும் பெரும்பாலும் ஏறும். அதில் ஒரு பங்கு நமக்கும் இருக்க வேண்டும். 2009-லிருந்து எல்லோருக்கும் திறந்திருக்கும் தேசிய ஓய்வூதியத் திட்டம், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் இரண்டும் அதற்கு வழி. இங்கேயும் தண்ணீர் வராத பூ உண்டு: 2008 ஜனவரியில் 20,000-ஐத் தாண்டி நின்ற பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ், அக்டோபரில் 9,000-க்குக் கீழே இறங்கியது. ஐந்து வருஷத்துக்குள் கல்யாணத்துக்கு வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள். முப்பது வருஷப் பணத்தைப் போடலாம்.

தையல்காரத் தங்கச்சிக்கு நான் சொன்னது: 577 போகட்டும், நிறுத்த வேண்டாம். தனியாக மாதம் ஆயிரம் மேலே சொன்ன இரண்டு வழிகளில் ஒன்றில் போகட்டும். ஜாக்கெட் தையல்கூலியை ஏற்றும்போதெல்லாம் அந்த ஆயிரத்தையும் ஏற்ற வேண்டும். கூலி ஏறுவதுதான் அவருடைய கன்னிப்பூ.

உங்களிடமும் இந்தத் திட்டம் இருந்தால் பாஸ்புக்கை எடுங்கள். இப்போது முப்பது வயது ஆகிறவர் 5,000-க்குப் பக்கத்தில் பென்சிலால் 870 என்று எழுதுங்கள். நாற்பது ஆகிறவர் 1,560 என்று எழுதுங்கள். மீதி எங்கிருந்து வரும் என்பதை இந்த வாரமே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.