ரெண்டு பச்சைப் புறா!

வேளச்சேரி அபார்ட்மென்ட்ல ஏ.சி. பெட்டி மேல உட்கார்ந்து முனகிக்கிட்டு, பால்கனியை அசிங்கம் பண்ற அந்தச் சாம்பல் கலர் பார்ட்டிதான் நமக்குத் தெரிஞ்ச புறா. இல்லையா பாஸ்? பச்சைக் கலர்லயும் புறா இருக்கு! ஒண்ணு மரகதப்புறா, நம்ம தமிழ்நாட்டோட மாநிலப் பறவை. பொது அறிவுக்காக உருப்போட்டிருப்பீங்க. நேர்ல பார்த்தவங்க எத்தனை பேர்? இன்னொண்ணு மஞ்சள்கால் பச்சைப்புறா, மகாராஷ்டிராவோட மாநிலப் பறவை.

கலர்தான் ஒத்துப்போகுது. குடித்தனம் வேற வேற. மரகதப்புறா கிரவுண்ட் ஃப்ளோர் ஆசாமி. நிழலான காட்டுத் தரையில, சருகுக்கு நடுவுல, தனியாவோ ஜோடியாவோ நடந்து கீழே விழுந்த விதையைப் பொறுக்கும். சிவப்பு அலகு, பளபளக்கிற பச்சை றெக்கை. மஞ்சள்கால் கோஷ்டிக்கோ மொட்டை மாடிதான்! ஆலும் அரசும் பழுத்தா கூட்டமா வந்து உச்சிக்கிளையில கிளி மாதிரி தொங்கித் தின்னும். இலையோட இலையா மறைஞ்சு உட்கார்ந்து விசிலடிக்கும். ஆமா, விசில்தான்!

பழம் தின்னா விதை பரப்பும்னுதானே நினைக்கிறீங்க? அதான் இல்லை. பச்சைப்புறாவோட அரைப்பை பேருக்கேத்த கிரைண்டர். அத்தி விதையைக்கூடப் பெரும்பாலும் மாவாக்கிடும். மரகதப்புறாவும் விதையை அரைக்கிற கட்சிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற பெரிய சைஸ் இம்பீரியல் புறாதான் பழத்தை முழுங்கி, விதையை முழுசா வெளியே விட்டு மரம் வளர்க்குது. பேர் என்னவோ புறா இனம் மொத்தத்துக்கும்!

மரகதப்புறாவுக்கு ஒரு பேராபத்து இருக்கு. அது மரங்களுக்கு நடுவுல தாழ்வா, அம்பு மாதிரி பறக்கும். எதிர்ல கண்ணாடிச் சுவர் இருந்தா, அதுல தெரியிற மரத்தை நிஜம்னு நம்பி மோதிடும். சிங்கப்பூர்ல கட்டடங்கள்ல மோதிச் சாகிற பறவைகள்ல இது முன்வரிசை. பச்சைப்புறாவோட சொந்தக்காரங்களும் அந்த லிஸ்ட்ல உண்டு. நம்ம ஆளுங்களும் காட்டு ஓரத்துல கண்ணாடி வச்சு ரிசார்ட் கட்டி, 'வியூ சூப்பர்'னு போர்டு மாட்டுறாங்க. கண்ணாடியோட வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில புள்ளி புள்ளியா ஸ்டிக்கர் ஒட்டினாலே மோதல் நிறையக் குறையும். ஆர்க்கிடெக்சர் படிக்கிறவங்க நோட் பண்ணிக்கலாம்.

அடுத்த டூர் வால்பாறையா, டாப்சிலிப்பா? விடியக்காலையில எழுந்து, பாட்டை ஆஃப் பண்ணிட்டு, காட்டோரம் நடங்க. 'ஹூம்... ஹூம்...'னு அடிக்குரல்ல யாரோ முனகினா மரத்தை அண்ணாந்து பார்க்காதீங்க. பாதையைப் பாருங்க, சருகு அசையும்.